நான்கு இருக்கை விமானத்தின் நிறைக் கணக்கு

கனடாவில் இருக்கும் என் மச்சான் ஒருவன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பில் வாடகைக்குச் சிறு விமானம் எடுத்து ஓட்டுகிறவன். ஒரு நாள் பின்னேரம் மயிலிட்டித் துறைமுகத்தடியில் நின்றபோது, சென்னையிலிருந்து வந்த ஏரிஆர் விமானம் பலாலி விமான நிலையத்துக்குத் தாழ இறங்கியது. "நீ ஓடுற பிளேனிலை இஞ்சயிருந்து கொழும்புக்குப் போகலாமோ?" என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. "உன்ர நிறை எத்தனை கிலோ?" என்றான். பிறகு அப்பாவின் நிறை, அம்மாவின் நிறை, என்ன சாமான் கொண்டு போவோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கைபேசியில் கணக்குப் போட்டான்.

"நாலு சீற் எண்டுதான் எழுதியிருக்கும் மச்சான். நாலு பேரும் ஏறினா எண்ணெயைக் குறைக்கோணும்."

அன்றிலிருந்து இந்தச் சிறு விமானங்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அவன் கேட்ட அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கவேண்டியிருந்தது. நான்கு பேர் அமரும் தனியார் விமானம் கடந்த தொண்ணூறு ஆண்டுகளாக வளர்ந்த விதத்தை நிறைக் கணக்கு இல்லாமல் விளக்கவே முடியாது.

அவன் ஓட்டுவது செஸ்னா 172. உலகத்தில் வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டதில்லை, 44,000க்கும் மேல். அதன் இன்றைய வகை, மேலெழும்போது 1,157 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் விமானமே ஏறக்குறைய 770 கிலோ. மிச்சம் 385 கிலோவுக்குள் ஆட்களும் சாமான்களும் எரிபொருளும் அடங்கவேண்டும். தாங்கிகளை நிரப்பினால் பாவிக்கக்கூடிய எரிபொருள் 200 லீற்றர் அளவில் வரும். விமானப் பெற்றோல் லீற்றருக்கு 0.72 கிலோ என்பதால் அது மட்டும் 144 கிலோ. மீதி 241 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் மூன்று பேர் ஏறலாம், நாலாவது ஆள் நிலத்தில் நிற்கவேண்டியதுதான்.

சரி, நாலு பேரும் போயே ஆகவேண்டும், மாம்பழமும் பனங்கட்டியுமாக இருபது கிலோ சாமானும் வரும் என்று வைப்போம். எரிபொருளுக்கு மிஞ்சுவது 65 கிலோ, அதாவது சுமார் 90 லீற்றர். பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். மணிக்கு 220 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றரை மணித்தியாலம். மணிக்கு 36 லீற்றர் எரித்தால் 54 லீற்றர், ஓடுபாதை வரை உருண்டு போவதற்கும் மேலேறுவதற்கும் ஒரு ஆறு லீற்றர். அங்கே மழை இருட்டிக்கொண்டு நின்றால் சுற்றி வரவோ வேறிடம் போகவோ முக்கால் மணித்தியாலத்துக்கு 27 லீற்றர் கையிருப்பு வேண்டும். கூட்டினால் 87. மூன்று லீற்றர்தான் மிச்சம். இன்னொரு பெட்டி மாம்பழம் ஏற்றினால் அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்த மாதிரி.

இதில் வெயிலும் சேரும். காற்றுச் சூடேறினால் அடர்த்தி குறைகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, இயந்திரத்துக்கு மூச்சுக் குறைவு, சுழலிக்கு இழுவை குறைவு. விமானக் கணக்குகளில் கடல்மட்டத்தின் நியம வெப்பநிலை 15 பாகை. எங்களூர் மத்தியானத்தில் 35 பாகை என்றால், விமானத்தைப் பொறுத்தவரை அது 700 மீற்றர் உயர மலையில் நிற்பது போல. முழு நிறையோடு இந்த 172 நிலத்தை விட்டெழும்பி 15 மீற்றர் உயரத் தடை ஒன்றைத் தாண்டுவதற்கு நியம நிலையில் 500 மீற்றர் போதும். 30 பாகையிலேயே அது 550 ஆகிவிடுகிறது.

நிறை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். துலாவில் தண்ணி இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிக்கிறவர் துலாவின் மேல் இரண்டு எட்டு முன்னே வைத்தால் பட்டை இறங்கும், பின்னே வைத்தால் ஏறும். ஆளின் நிறை மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. துலாவைத் தாங்கும் ஆடுகால் போல, விமானத்தில் இறக்கை. அதனால்தான் எரிபொருளை இறக்கைக்குள் வைக்கிறார்கள். எரிந்து குறைந்தாலும் சமநிலை பெரிதாக அசையாது. பின் இருக்கையில் பாரமான இரண்டு பேரும் அவர்களுக்குப் பின்னால் பெட்டிகளும் என்றால் வால் கனத்துப் போகும். அப்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், ஓட்டுபவர் தள்ளினாலும் கீழே வராது. இரண்டு இருக்கை விமானத்தை இழுத்து நீட்டி நான்கு இருக்கை ஆக்க முடியாததற்கு இதுவே காரணம்.

இந்தச் சிக்கலுக்கு முதலில் நல்ல விடை கண்டவற்றில் ஒன்று ஜேர்மனியில் 1934இல் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 108. முழுக்க உலோகம், நான்கு இருக்கை, உள்ளே மடங்கும் சக்கரங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான சிறு விமானங்கள் மரச்சட்டத்தில் துணி போர்த்தியவை. பயணத்துக்கென்று செய்த அந்த அழகான விமானத்தில் படித்த பாடங்களை வைத்தே அதே கூட்டத்தினர் அடுத்ததாக 109 என்ற போர்விமானத்தைச் செய்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. போரில் விமானம் ஓட்டிப் பழகிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீட்டுக்கு ஒரு கார் போல ஒரு விமானமும் வாங்குவார்கள் என்று நினைத்தார்கள். 1946இல் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் செய்து தள்ளினார்கள். அடுத்த ஆண்டே சந்தை விழுந்தது. பெரும்பாலானவை இரண்டு பேர் நெருக்கியடித்து உட்காரும் விமானங்கள், குடும்பத்தோடு எங்கும் போக முடியாது. இலங்கையிலும் அதே காலம்தான். 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. எங்கள் பலாலித் தளம் பிரித்தானிய விமானப்படை போருக்காகப் போட்டது.

விழுந்த சந்தையில் தப்பியவை நான்கு இருக்கைகள்தான். 1945 டிசம்பரில் முதலில் பறந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸா வேகமானது, விலை கூடியது, வால் ஆங்கில வி எழுத்து வடிவில் இருக்கும். வைத்தியர்களும் வியாபாரிகளும் வாங்கினார்கள். செஸ்னா வேறு வழியில் போனது. 1948இல் வந்த 170க்கு 145 குதிரைவலு இயந்திரம், மேலே இறக்கை, முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் சின்னச் சக்கரம். பறப்பதற்கு நல்ல விமானம். இறக்குவதுதான் புதியவர்களுக்குப் பாடு.

லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு விளங்கும். முன்னுக்கு இழுக்கும்போது பெட்டி தானாக நேராக வரும். பின்னுக்குத் தள்ளினால் கொஞ்சம் சரிந்ததும் மேலும் மேலும் சரிந்து மடிந்துவிடும். வால்சக்கர விமானத்தில் பாரத்தின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே தரையில் ஓடும்போது பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஓட்டுபவர் ஒரு கணம் கவனம் தப்பினால் விமானம் சுழன்று இறக்கை நுனியால் நிலத்தைக் கீறும். சின்னச் சக்கரத்தை வாலிலிருந்து எடுத்து மூக்குக்குக் கீழே வைத்து, பெரிய சக்கரங்களைப் பாரத்தின் மையத்துக்குப் பின்னே தள்ளினால் எல்லாம் தலைகீழாகிவிடும். விமானம் தானே நேராக ஓடப் பார்க்கும். செஸ்னா செய்தது இதைத்தான். 170இன் உடலுக்கு மூக்குச்சக்கரம் வைத்து 1955 ஜூன் 12இல் பறக்கவிட்டது, அடுத்த ஆண்டு 172 என்று விற்றது. மூக்குச்சக்கரத்துக்குக் கூடுதல் நிறை உண்டு, காற்றும் தடுக்கும். ஆனால் சாதாரண மனிதர் பழகி ஓட்டலாம் என்று ஆனது. முதல் முழு ஆண்டிலேயே ஆயிரத்து நானூறுக்கு மேல் விற்றது.

மேலே இறக்கை வைத்ததற்கு இன்னொரு நன்மை உண்டு. மேல்நிலைத் தண்ணித் தொட்டி போல எரிபொருள் தன் பாட்டில் இயந்திரத்துக்கு இறங்கி வரும். 172இன் போட்டியாளரான பைப்பர் செரோக்கி 1960 ஜனவரியில் முதலில் பறந்தது. அதில் இறக்கை கீழே. அதனால் எரிபொருளைப் பம்பியால் மேலே இழுக்கவேண்டும், இடது தாங்கி, வலது தாங்கி என்று ஓட்டுபவர் ஞாபகமாக மாற்றிக்கொண்டே போகவேண்டும். செரோக்கியின் கெட்டித்தனம் விலையில் இருந்தது. பிரெட் வைக், ஜோன் தோர்ப், கார்ல் பேர்கி என்ற மூன்று பொறியியலாளர்கள் அதன் இறக்கையை அடி முதல் நுனி வரை ஒரே அகலத்தில் வரைந்தார்கள். அகலம் மாறாவிட்டால் உள்ளேயிருக்கும் விலாச்சட்டங்களை எல்லாம் ஒரே அச்சில் செய்யலாம். நுனி ஒடுங்கிய இறக்கை காற்றில் கொஞ்சம் திறமானதுதான், ஆனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறு அச்சு வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. என் வயதுக்காரருக்கு யாழ்ப்பாணத்தில் சிறு விமானம் என்றால் ஆசையோடு அண்ணாந்து பார்த்த பொருள் இல்லை. சத்தத்தை வைத்தே பெயர் சொல்லுவோம்: ஹெலி, பொம்மர், சகடை, சியாமாசெட்டி. சத்தம் கிட்ட வந்தால் பங்கருக்குள் ஓடுவோம். அந்தச் சியாமாசெட்டி என்பது இத்தாலியின் சியாய் மார்ச்செட்டி 260. ஸ்டெலியோ ஃப்ராட்டி என்ற வடிவமைப்பாளர் வரைந்து 1964இல் முதலில் பறந்தபோது, அது வசதியுள்ளவர்கள் ஆசைக்கு ஓட்டுவதற்கான மூன்று இருக்கை விமானம். லேசான உடல், வலுவான இயந்திரம், கைக்கு அடங்கிய நடத்தை. அந்தக் குணங்களே அதை விமானப்படைகளுக்குப் பிடிக்கச் செய்தன. இறக்கைக்குக் கீழே ஆயுதம் தொங்கவிட்டார்கள், எண்பதுகளில் எங்கள் வானத்துக்கு வந்தது. மறுபக்கத்தில் 2007 மார்ச் 26 நள்ளிரவு தாண்டியதும் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கப் புலிகள் கொண்டுபோனது செக் நாட்டு ஸ்லின் 143. அது பயிற்சிக்கும் பயணத்துக்கும் செய்த நான்கு இருக்கை விமானம். மூன்று பயணிகளின் நிறைக்கு விட்ட இடத்தில் எதையும் வைக்கலாம். மெஸ்ஸர்ஷ்மிட் போன வழிதான் இவையும் போயின. வலிகாமம் வடக்கில் 1990இல் வீடு வாசலை விட்டு எழும்பிய குடும்பங்களுக்குப் பலாலி என்ற சொல் இன்றும் முதலில் இழந்த காணியைத்தான் ஞாபகப்படுத்தும். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது எனக்குச் சந்தோசமும் வலியும் சேர்ந்தே வந்தன.

அப்புறம், இந்த விமானங்கள் ஏன் மாறாமல் நின்றுபோயின என்ற கதை. 1978இல் அமெரிக்காவில் 17,811 பொதுப் பறப்பு விமானங்கள் (பயணிகள் சேவையும் படையும் சாராதவை) விற்றன. 1994இல் வெறும் 928. எண்பதுகளில் எரிபொருள் விலையும் வட்டியும் ஏறியதோடு வழக்குகளும் குவிந்தன. முப்பது ஆண்டுக்கு முன் செய்த விமானம் விழுந்தாலும் செய்த கொம்பனி மீது வழக்குப் போடலாம். ஒவ்வொரு புது விமானத்தின் விலையிலும் காப்புறுதிச் செலவு ஏறியது. 1986இல் செஸ்னா 172 தயாரிப்பையே நிறுத்தியது. பதினெட்டு ஆண்டுக்கு மேல் பழைய விமானங்களுக்குச் செய்தவர் பொறுப்பில்லை என்று 1994இல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள்.

நின்று தொடங்கிய அந்த விமானத்தில் என்ன மாறியது? என்னை ஆச்சரியப்படுத்திய கணக்கு இதுதான். 1956இன் 172க்கு 145 குதிரைவலு. வெறும் நிறை ஏறக்குறைய 570 கிலோ, உச்ச நிறை 998. ஏற்றக்கூடியது 425 கிலோ அளவில். இன்றைய 172க்கு 180 குதிரைவலு, ஏற்றக்கூடியது 385. இயந்திரம் வலுத்தும் சுமை குறைந்துவிட்டது! விபத்தில் முறியாத இருக்கைகள், சத்தம் அடக்கும் உறைகள், பெரிய தாங்கிகள், திரைகள் என்று ஒவ்வொன்றும் தன் பங்கு கிலோவை எடுத்துக்கொண்டது. அவற்றில் பல உயிர் காப்பவை, வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாலாவது ஆளின் இடம்தான் அதற்கு விலையாகப் போனது. பணமாகப் பார்த்தால் இன்று ஒரு புது 172 நான்கு லட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல்.

இயந்திரம் மட்டும் பழைய சாதிதான். எங்கள் ஒழுங்கைகளில் இன்றும் ஓடும் ஒஸ்ரின் ஏ40 கார் காலத்து யோசனை. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக், பற்றரி செத்தாலும் நெருப்புப் பொறி தரும் இரண்டு மக்னீற்றோ. கொள்ளளவு ஆறு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அதிலிருந்து வெறும் 180 குதிரைவலு. கார்க்காரர் சிரிப்பார். ஆனால் கார் இயந்திரம் முழு வலுவில் ஓடுவது முந்திச் செல்லும் சில நொடிகள். விமான இயந்திரம் மணிக்கணக்காக முக்கால் வலு அளவில் ஓடவேண்டும். சுழலியின் நுனி ஒலி வேகத்தை நெருங்கினால் இழுவை போய் இரைச்சல்தான் மிஞ்சும் என்பதால் நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு மேல் போகவும் விடுவதில்லை. மெதுவாகச் சுற்றி வலுவைத் தர வேண்டுமென்றால் பெரிய சிலிண்டர்கள் வேண்டும். இந்த மாதிரி இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சாட்சி: 1958 டிசம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டு பேர் ஒரு 172இல் ஏறி, ஓடும் லொறியிலிருந்து குழாய் வழியாக எரிபொருள் எடுத்துக்கொண்டு 64 நாள் இறங்காமல் பறந்தார்கள்.

பெரிய மாற்றம் உடலில் வந்தது. மயிலிட்டியில் கரையேற்றி வைத்திருக்கும் பைபர் போட்டுகளைப் பாருங்கள். அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாய் விரித்து, பிசின் பூசி, மேலே இன்னொரு பாய், இன்னொரு பூச்சு. காய்ந்ததும் ஆணி, பொருத்து ஒன்றும் இல்லாத ஒரே ஓடு. 1995இல் முதலில் பறந்து 1998இல் அனுமதி பெற்ற சிரஸ் எஸ்ஆர்20, 1997இல் பறந்த ஒஸ்திரிய டயமண்ட் டிஏ40 இரண்டும் அந்த வழியில் பிறந்தவை, இன்னும் உயர்ந்த பிசினோடும் கடும் சோதனைகளோடும். தகரத்தை வளைத்து ஆணி அடிக்கும்போது கிடைக்காத வழவழப்பான வளைவு இதில் கிடைக்கும். காற்று வழுக்கிப் போவதால் வேகம் கூடும். பிசினுக்குச் சூடு ஆகாது. அதனால்தான் இவ்வகை விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை நிறம். எங்கள் வெயிலில் கறுப்பு அடித்து நிறுத்தினால் உடல் நலிந்துவிடும்.

சிரஸைத் தொடங்கிய கிளாப்மையர் சகோதரர்களில் ஒருவர் 1985இல் வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதியும் உயிரோடு இறங்கியவர். அந்த நாளுக்குப் பிறகு, ஓட்டுபவரால் இனி முடியாது என்ற நேரத்தில் முழு விமானத்தையும் தாங்கும் பரசூட் ஒன்று வேண்டும் என்று அவர் நின்றார். கூரையிலுள்ள பிடியை இழுத்தால் சிறு ரொக்கட் அதை வெளியே இழுத்து விரிக்கும். 2002இல் டெக்சஸில் முதல் தடவையாக ஒரு விமானம் அப்படி இறங்கி, ஓட்டியவர் தப்பினார். அந்தப் பரசூட்டுக்கும் நிறை உண்டு. 310 குதிரைவலு இயந்திரத்தால் அதைச் சமாளித்தது அடுத்து வந்த எஸ்ஆர்22.

எரிபொருளில் நடப்பது எங்களுக்கு இன்னும் கிட்டிய கதை. இந்த விமானங்கள் குடிக்கும் நீலநிறப் பெற்றோலில் இன்றும் ஈயம் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் வலுக்கூடிய இயந்திரங்களில் எரிபொருள் நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டும். ஈயம் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு என்று கார்ப் பெற்றோலிலிருந்து எடுத்துப் பல காலமாகிவிட்டது. டயமண்ட் கொம்பனி மெர்சிடிஸ் காரின் டீசல் இயந்திரத்தை விமானத்துக்கு ஏற்றபடி மாற்றி, பெரிய ஜெட்கள் குடிக்கும் ஜெட் ஏ-1இலேயே ஓடவைத்தது. ஜெட் ஏ-1 என்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய். 1990க்குப் பின் பெற்றோல் தடையில் யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மாற்றுவோம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்களில் அமுக்கம் குறைவு என்பதால் தட்டாமல் தாங்கின. டீசல் இயந்திரத்துக்கு ஆவியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம், அமுக்கத்தின் சூட்டிலேயே பற்றும். எரிபொருளும் கணிசமாக மிஞ்சும். ஆனால் அந்த அமுக்கத்தைத் தாங்கத் தடித்த உலோகம் வேண்டும், குளிர்விக்கத் தண்ணி வேண்டும். அதே வலுவுள்ள பழைய இயந்திரத்தைவிட ஏறக்குறைய ஐம்பது கிலோ கூட.

மின்சாரம் பற்றியும் மச்சானிடம் கேட்டேன். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் செய்த மின்விமானம் 2020இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. இரண்டு இருக்கை, ஐம்பது நிமிடம் அளவில் பறக்கும். ஒரு கிலோ பெற்றோலில் ஏறக்குறைய 12 கிலோவாட்மணி சக்தி இருக்கிறது. ஒரு கிலோ மின்கலத்தில் கால் கிலோவாட்மணி. மின்மோட்டார் சக்தியை மிகக் குறைவாகவே வீணாக்கும் என்றாலும் இந்த இடைவெளி பதினைந்து மடங்குக்குக் குறையாது. பெற்றோல் எரிய எரிய விமானம் லேசாகும். மின்கலம் வெறுமையானாலும் அதே பாரத்தோடுதான் இறங்கும்.

மயிலிட்டியில் நின்ற அன்று இருட்டுப்பட வீட்டுக்கு வந்து, அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மச்சான் தன் கணக்கை ஒரு கடதாசியில் திருப்பி எழுதினான். அப்பா 68, அம்மா 61, நான் 79, அவன் 82. மொத்தம் 290. விடிய ஆறு மணிக்கு, காற்றுக் குளிர்ந்திருக்கும்போது வெளிக்கிட்டால், பத்துக் கிலோ மாம்பழம் கூடக் கொண்டு போகலாம் என்றான்.